மானிட்டர் வாங்கப் புடவையோடு போனது

எங்கள் வீட்டுப் பழைய மானிட்டரை மானிட்டர் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். முன்னால் நின்று பார்த்தால் டிவி மாதிரி இருக்கும், பின்னால் போய்ப் பார்த்தால் கிரைண்டர் மாதிரி இருக்கும். அதன் முதுகு நீட்டிக்கொண்டிருந்ததால் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட முடியாது. முதலியார்பேட்டையில் எங்களுக்கு வாய்த்த வாடகை வீட்டின் கூடத்தில் பாதி அதற்கு, மீதியில் நாங்கள். வருகிற விருந்தாளிகள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து உள்ளே போவார்கள். மழைக்காலத்தில் அதன் முதுகுச் சூட்டில் அம்மா என் சாக்ஸைக் காயப்போடுவாள். அதுதான் அந்த மானிட்டர் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. படிப்பு முடிந்தது, ஒரு மருந்து ஏஜென்சியில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது, எனக்கு முன்மண்டையில் முடிகூடக் கொட்டிவிட்டது. அது மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசி காலத்தில் அதற்குச் சிவப்பு நிறம் மறந்துபோனது. எதைப் பார்த்தாலும் பாசி பிடித்த மாதிரி பச்சையாகத் தெரியும். பக்கவாட்டில் ஓங்கி ஒரு அடி கொடுத்தால் சிவப்பு கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். இன்னொரு அடி கொடுத்தால் படமே போய்விடும்.

இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அதில் நாங்கள் பார்த்தது ஒரே ஒரு நிகழ்ச்சிதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரான்சிலிருந்து அக்கா.

அக்கா பிரான்சுக்குப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு கனவு உண்டு, பிரெஞ்சு மாப்பிள்ளை. உடனே வெள்ளைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஆள்தான். கருவாட்டுக் குழம்பு என்றால் உயிரை விடுகிறவன்தான். பாஸ்போர்ட் மட்டும் பிரெஞ்சு. தாத்தாவோ அப்பாவோ பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்திருப்பார், அந்த வீட்டைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்று தெருவே தனி மரியாதையோடு சொல்லும். அப்படி ஒரு வீட்டிலிருந்து அக்காவுக்கு வரன் வந்தது. அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, ஒரு கட்டு கொத்தமல்லி வாங்குவதற்கே மூன்று கடை ஏறி இறங்குகிறவர், அன்றைக்கு மாப்பிள்ளையிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா என்றார். இருந்தது. கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து அப்பா கீரை வாங்கப் போனால்கூட, பாரிசில் இப்போது மணி என்ன தெரியுமா என்று கீரைக்காரம்மாவிடம் விசாரித்துவிட்டுத்தான் வருவார்.

அக்கா ஊருக்கு வந்து மூன்று தீபாவளி ஆகியிருந்தது. லீவு இல்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்கள் மூன்று பேரும் மானிட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவோம். செல்போனிலேயே பேசலாமே என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, பெற்ற பெண்ணைத் தபால்தலை அளவில் பார்க்கத் தன்னால் முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். சரி, பெரிதாகவே பார்த்தோம். பச்சையாகப் பார்த்தோம்.

கொஞ்ச நாளாக அப்பாவுக்கு ஒரு சந்தேகம். பாப்பா இளைத்துவிட்டாளோ, முகம் செத்துக் கிடக்கிறதோ என்று. வாரா வாரம் கேட்பார். அக்கா வாரா வாரம் சிரிப்பாள்.

"ஒண்ணுமில்லப்பா. உங்க மானிட்டர் பாடாவதியாயிடுச்சு. அதுல யாரப் பாத்தாலும் சீக்காளி மாதிரிதான் தெரிவாங்க."

எங்களுக்கு எவ்வளவு நிம்மதி. கோளாறு மானிட்டரில்தான் என்று சம்பந்தப்பட்டவளே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் வேலைக்குப் போயிருக்கிறார் என்பாள். ஞாயிற்றுக்கிழமைகூட உழைக்கிற மாப்பிள்ளை கிடைப்பதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அம்மா எதிர்வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் அப்பாவுக்கு மனம் ஆறவில்லை. பாப்பாவின் முகத்தை அதன் சொந்த நிறத்தில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று சொல்லத் தொடங்கினார். சாப்பிடும்போது சொன்னார், குளித்துவிட்டு வரும்போது சொன்னார். கடைசியில் புது மானிட்டர் வாங்குவது என்று தீர்மானமானது.

அக்காவிடம் சொன்னோம். தண்டச் செலவு எதற்கு, இருக்கிறதே போதும் என்றாள். அவளுடைய சிக்கனத்தைப் பார்த்து அம்மா நெகிழ்ந்துபோனாள்.

நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். இன்டர்நெட்டில் தாடி வைத்த பையன்கள் நிறையப் பேர் மானிட்டரைப் பற்றியே பேசி வயிறு வளர்க்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வளைந்த திரையா, தட்டைத் திரையா, ஒரு நொடிக்கு எத்தனை தடவை படம் மாறும், பக்கத்தில் நின்று பார்த்தால் நிறம் மாறுமா. ஆபீஸ் நண்பர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்துப் போய், கேம் ஆடுவாயா என்று ரகசியமாகக் கேட்டார். எங்கள் வீட்டில் ஆடுவது ஒரு நாற்காலி மட்டும்தான் என்றேன். நான் இப்படிக் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தால் அக்காவின் அறுபதாம் கல்யாணத்துக்குத்தான் மானிட்டர் வரும் என்று அப்பா சொல்லிவிட்டு, தானே களத்தில் இறங்கினார்.

காமராஜ் சாலையில் ஒரு பெரிய கடை. நான், அப்பா, அம்மா மூவரும் ஆட்டோவில் போனோம். அம்மாவின் மடியில் ஒரு மஞ்சப்பை இருந்தது, எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சுவர் முழுக்க வரிசையாக மானிட்டர்கள். எல்லாவற்றிலும் அருவி கொட்டியது, பஞ்சவர்ணக்கிளி பறந்தது, யாரோ ஆரஞ்சுப் பழத்தை மெதுவாக வெட்டினார்கள். விற்பனையாளர் கிளியைக் காட்டி, இறகு இறகாகத் தெரிகிறது பாருங்கள் என்றார். எங்கள் வீட்டில் கிளி இல்லை என்று அப்பா சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினார். அதில் அக்காவின் கல்யாணப் போட்டோ இருந்தது. அருவியையெல்லாம் நிறுத்திவிட்டு எல்லா மானிட்டரிலும் இதைப் போடுங்கள், எதில் என் பெண் என் பெண் மாதிரி இருக்கிறாளோ அதைக் கட்டித் தாருங்கள் என்றார். மாதக் கடைசி, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள், ஒப்புக்கொண்டார்கள்.

சுவர் முழுக்க அக்கா. ஒன்றில் மஞ்சள் காமாலை வந்தவள் மாதிரி, ஒன்றில் ரோஸ் பவுடர் அப்பியவள் மாதிரி, இன்னொன்றில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தவள் மாதிரி. இத்தனை நிறத்தில் அக்காவைப் பார்த்ததும் அவளுடைய உண்மையான நிறம் எது என்பது எங்கள் மூவருக்குமே குழம்பிவிட்டது. அப்போதுதான் அம்மா மஞ்சப்பையைத் திறந்தாள். உள்ளே அக்காவின் அரக்கு நிறக் கூரைப்புடவை. கனமாக இருக்கிறது என்று அக்கா எங்களிடமே விட்டுப்போனது. ரவிக்கைத் துணிக்கு ஜோடி பார்ப்பாளே, அதே மாதிரி முந்தானையை விரித்து ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் வைத்துப் பார்த்தாள். மூஞ்சி மாறும், பட்டு மாறாது என்றாள். இந்த வாதத்தை வெல்லக்கூடிய பதில் எந்தத் தாடிக்காரப் பையனிடமும் இல்லை.

வாஷிங் மெஷின் பார்க்க வந்த ஒரு அம்மாள் அதை விட்டுவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டார். இதில் பார்டர் தூக்கலாக இருக்கிறது, அதில் புடவையின் உடல் நிறம் சரி, ஜரிகை சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னார். நான் தெரிந்தவன் மாதிரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், முந்தானையைப் பிடித்துக்கொள் என்று என் கையில் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் கீழ்வரிசை மூலையில் ஒன்று அகப்பட்டது. புடவை இம்மி பிசகாமல் பொருந்தியது. அதற்குள் இருந்த அக்காவும் கன்னத்தில் சதையோடு, கண்ணில் வெளிச்சத்தோடு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அதோடு விடவில்லை. பாதியில் பழுதானால் யார் பொறுப்பு, ஆள் வீட்டுக்கு வருவானா, நாம்தான் தூக்கிக்கொண்டு அலையவேண்டுமா, பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று விற்பனையாளரைக் குடைந்து எடுத்துவிட்டார். அப்பா இத்தனை கேள்வி கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

பழையதை இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். புதியதை அப்பா ஒரு கையால் தூக்கி வைத்தார். மேசை சுவரோடு ஒட்டியது. கூடம் திடீரென்று கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது, எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. அம்மா திரையின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். கீழே வை, படத்தை மறைக்கும் என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டரில் அழைப்பு மணி அடித்தது, அக்கா திரையில் வந்தாள்.

சுத்தமாகத் தெரிந்தாள். பச்சை துளிகூட இல்லை. கண்ணுக்குக் கீழே கரி பூசிய மாதிரி இருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. காதோரம் நரை. பவுடர் போட்டிருந்தாள், அது தனியாகத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் இத்தனை நாளும் பச்சை மங்கலாக மட்டும் தெரிந்த இடத்தில் ஒற்றைக் கட்டில் இருந்தது, கட்டில் தலைமாட்டிலேயே அடுப்பு இருந்தது, அதற்கு மேல் ஈரம் ஊறிய சுவர் இருந்தது. அந்த ஒரு அறைதான் வீடு என்பதும், அதில் ஒரு ஆள்தான் இருக்கமுடியும் என்பதும் சொல்லாமலே புரிந்தது.

கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் மானிட்டரின் பொத்தான்களைத் தடவினேன். வெளிச்சத்தைக் குறைத்தேன், நிறத்தைக் கூட்டினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கைய எட்றா. மானிட்டர் நல்லாத்தான் இருக்குது."

பிறகு திரையைப் பார்த்து, "எத்தினி நாளாம்மா?" என்றார்.

எது என்று அக்கா கேட்கவில்லை. முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்ட அம்மாவை ஒருமுறை பார்த்தாள். போன வருஷம் மழைக்கு முன்னாலேயே அவர் போய்விட்டார், வேறொருத்தியோடு இருக்கிறார், இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போகிறேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, அசதிதான் என்றாள். அப்பா அதிர்ந்து கத்துவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கெளம்பி வந்துடு பாப்பா."

"எப்படிப்பா வர்றது? ஊர் ஃபுல்லா சொல்லி வச்சிருக்கீங்களே. எல்லாம் என்னா கேப்பாங்க?"

"ஊருக்காம்மா நான் இத வாங்குனேன்? உன்னப் பாக்கத்தான் வாங்குனேன்."

அக்கா அதற்குப் பிறகுதான் அழுதாள். அவ்வளவு துல்லியமாக அதைப் பார்க்க முடியாமல் நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். அப்பா மட்டும் அங்கேயே உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.