மழையன்று நான் சொன்ன சொல்

என் நண்பர் மணியத்தின் இடுப்பெலும்பு முறிய நான்தான் காரணம். அதை மறைத்து அவர் மனைவியிடம் பொய்யும் சொன்னேன்.

ஓய்வு பெற்ற நாங்கள் இருவரும் உடற்பயிற்சிக்காகத் தினமும் காலையில் ஈப்போவிலிருந்து லகாட் வரை சைக்கிள் ஓட்டுவோம். அன்று மழை பெய்தது.

“ரோடு வழுக்கும்லா, இன்னிக்கு வேணாம்ணே,” என்று மணியம் போனில் சொன்னார்.

அவர் பால் எடுக்க ரப்பர் மரப் பட்டையை வெட்டியவரின் மகன். நான் அதே தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய கிராணியின் மகன். மழை நாளில் தோட்டத்தில் மரம் வெட்ட மாட்டார்கள்.

“மழைன்னா வேலை கிடையாது, இல்ல? தோட்டத்துப் புத்தி உன்னை விடலையே,” என்றேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு வளைவில் சறுக்கி விழுந்தார்.

“வேணாம்னுதான் சொன்னேன், கேக்கல,” என்றேன் மருத்துவமனையில் அவர் மனைவியிடம். மணியம் கண்களை மூடிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அந்த அம்மா சத்தம் போடவில்லை.

“உங்கப்பா பேர் கூப்பிட்டா ஓடுன குடும்பம்ணே அவரோடது. நீங்க கூப்பிட்டாலும் இன்னும் ஓடித்தான் வாராரு.”

இப்போது தினமும் அங்கே போய், மணியம் நடை பழகக் கைகொடுக்கிறேன். நடப்பதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். அந்த அம்மா இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டாலும் போவேன்.