சுவரிலிருந்து உரிந்த மழை

இன்று லாபிஸ் ரயிலடியில் ரப்பர் ஷீட் கட்டுகளை இறக்கினார்கள். அந்தப் புளித்த வாடை பட்டதுமே ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுப் பலகைச் சுவர் கண்முன் எழுந்து நின்றது.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு பொங்கலுக்குச் சுண்ணாம்பு கிடைக்கவில்லை. அம்மா வாளியில் மிஞ்சிய ரப்பர் பாலில் செம்மண்ணையும் அடுப்புக்கரியையும் குழைத்துச் சுவரெங்கும் வீசி வீசித் தீட்டினாள். பூவுமில்லை, மயிலுமில்லை, வெறும் சுழிப்பு. காய்ந்ததும் பாலின் வெள்ளையெல்லாம் பழுப்பாகிவிட்டது.

"என்னா படம் புள்ள இது?" என்று முறைத்தார், தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி.

"மழை வர்ற மாதிரி மனசுல இருந்திச்சுங்கய்யா."

"தொரை பாத்தா கத்துவாரு. இப்பவே சொரண்டு!"

அம்மா சுவரின் மூலையில் நகம் வைத்து இழுத்தாள். காய்ந்த ரப்பர் பால் கிழியாமல், பாய்போலச் சுருண்டு, முழுப் படமும் கையோடு வந்தது.

"சுவரு சுத்தங்கய்யா."

கங்காணியே சிரித்துவிட்டார். மழையைத் துணிக்கொடியில் தொங்கவிட்டோம். லயமே திரண்டு வந்து பார்த்தது.

ரயில் வந்துவிட்டது. நானோ ஏறாமல், அம்மாவைப் போல, ரயிலடிச் சுவரின் மூலையை நகத்தால் நெம்பிக்கொண்டு நிற்கிறேன்.