பாட்டுக்கு நடுவே ஒரு பொன்னாடை

என் கணவர் அவர்களைக் கானமேளாக்காரர்கள் என்றுதான் சொல்வார். மேடையில் சினிமாப் பாட்டுப் பாடும் கானமேளா வேறு, ராக் குழு வேறு என்று திருத்தித் திருத்தி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். திருவனந்தபுரத்துப் பையன்கள் அவர்கள். சினிமாப் பாட்டைத் தொடவே மாட்டார்கள், சொந்தமாக எழுதிப் பாடுவார்கள். அந்தத் திமிருக்காகவே எனக்கு அவர்களைப் பிடித்தது. தக்கலையில் அவர்கள் பாட்டுகளை முழுசாக மனப்பாடம் செய்து வைத்திருந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். அதுவும் அடுக்களையில் நின்றபடி.

கல்யாணமான கையோடு அவர் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். நான் அவருடைய வீட்டு மனிதர்களோடு இருந்தேன். கொடுமை என்று யாரையும் சொல்ல முடியாது. ஆனால் காலையில் கண் விழித்தது முதல் யாராவது எதற்காவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். தேங்காய் துருவு, பிள்ளையைப் பிடி, கேட்டில் யாரென்று பார். என் தம்பி ஒரு எம்பி3 பிளேயரில் இந்தப் பையன்களின் பாட்டுகளை ஏற்றிக் கொடுத்திருந்தான். ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகி, முடியை இறக்கி மறைத்துக்கொண்டு கேட்பேன். அதில் ஒரு பாட்டு. கடலுக்குப் போய்த் திரும்பாத அண்ணனைத் தேடுவதாக நிதானமாகத் தொடங்கும். கடைசியில் சொல்லெல்லாம் தீர்ந்துபோய், பாடகன் வெறுமனே கத்துவான். அந்தக் கத்தல் வரும்போது அடுப்பைக் குறைத்துவிட்டு அப்படியே நிற்பேன். எனக்காகத்தான் கத்துகிறான் என்று தோன்றும். அது இல்லாமல் போயிருந்தால் ஒருநாள் நானே கத்தியிருப்பேன், என்னைக் கொண்டுபோய் யாரிடமாவது மந்திரிக்க வைத்திருப்பார்கள்.

கணவர் திரும்பி வந்து மார்த்தாண்டத்தில் டைல்ஸ் கடை போட்டார். அங்குள்ள வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் ஒரு கிளப்பில் உறுப்பினராகி, பிறகு செயலாளரும் ஆனார். கிளப்பின் குடும்ப விழாவுக்கு வழக்கமான கானமேளா வேண்டாம், இந்தப் பையன்களைக் கூப்பிடலாம் என்று கமிட்டியில் மல்லுக்கு நின்று ஜெயித்ததும் அவர்தான். எல்லாம் எனக்காக. செய்தியைச் சொன்னபோது சின்னப் பிள்ளை மாதிரி அவர் கையைப் பிடித்துக் குதித்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பாட்டை, அந்தக் கத்தல்வரை, நேரில் நின்று கேட்டுவிட வேண்டும்.

விழா அன்று கிளப் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டேன். சீட்டு விளையாடும் அறையிலிருந்து பிராந்தி வாடை, பின்பக்கம் மாட்டுக்கறி வறுவல், கழிவறையில் கால் வைக்க முடியாத அளவுக்குத் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேல் யாரோ தாராளமாகத் தெளித்துவிட்ட துபாய் சென்ட். மேடைக்கு முன்னால் நல்ல நாற்காலிகளில் ஆண்கள் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார்கள். குடும்ப விழாதான், ஆனால் குடும்பங்களை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஓரமாகப் போட்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் டிரம்ஸ்காரனின் முதுகு மட்டும் தெரியும். முதலில் வரவேற்புரை, ஆண்டறிக்கை, மியூசிக்கல் சேருக்குப் பரிசு. சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நம் பண்பாட்டைப் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பையன்கள் கிட்டாரை மாட்டிக்கொண்டு வாழைக்கன்றுத் தோரணத்துக்குப் பக்கத்தில் காத்து நின்றார்கள். எனக்கு மேடையேறி மைக்கைப் பிடுங்கினால் என்ன என்று இருந்தது.

ஒருவழியாகத் தொடங்கினார்கள். தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பொன்னாடை வந்துவிட்டது.

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக்காரர் பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையேறித் துண்டு போர்த்துவார்கள். பாட்டு முடிந்தபின் போர்த்தினால் மரியாதை ஆறிப்போய்விடுமாம், போட்டோவும் எடுப்பாக வராதாம். அதையே கமிட்டி இங்கேயும் செய்தது. தலைவர் போய் டிரம்ஸ்காரனுக்குப் போர்த்தினார். அவன் அடித்துக்கொண்டே தோளைக் குலுக்க, ஜரிகைத் துண்டு வழுக்கிச் சிம்பல் தட்டில் விழுந்து சத்தம் செத்தது. துணைத் தலைவர் கிட்டார்காரனுக்குப் போர்த்தினார். அவன் தனியாக வாசிக்க வேண்டிய இடம் அது. கம்பிகளின் மேல் துண்டு கிடக்க, பூனையை மிதித்த மாதிரி ஒரு கீச்சு. கூட்டம் கைதட்டியது. வாசித்ததற்கு அல்ல, போர்த்தியதற்கு. தூ என்று துப்ப வேண்டும்போல இருந்தது.

பிறகு பாடகன் அந்தப் பாட்டைத் தொடங்கினான். ஸ்பீக்கரை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் முதல் தட்டு நெஞ்செலும்பில் இறங்கியது. பிராந்தி வாடையும் சென்ட் வாடையும் போன இடம் தெரியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, சுவரோரமாக நகர்ந்து, அவன் முகம் தெரிகிற இடத்தில் போய் நின்றேன். அண்ணனைத் தேடி ஒவ்வொரு கரையாகக் கேட்டு வந்தான். இதோ, சொற்கள் தீரப் போகின்றன.

"அடுத்தபடியாக, நமது செயலாளர் அவர்களின் துணைவியார், பாடகருக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பார்" என்றது இன்னொரு மைக்.

எங்கிருந்தோ கணவர் வந்து என் கையில் துண்டைத் திணித்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏட்டி, ஒனக்காக்கும் சொல்லி வச்சேன். வேற ஆருக்கும் குடுக்கப்படாதுன்னு பிரசிடென்ட்டுகிட்ட சண்டை போட்டாக்கும் வாங்கினேன். போ."

பாட்டு முடியட்டும் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது. முதுகில் கை வைத்து ஏற்றிவிட்டார். என்னைப் பார்த்ததும் பாடகன் பாடுவதை நிறுத்திவிட்டான். சொற்கள் தீர்ந்து, கத்த வேண்டிய அந்த இடத்தில் நிறுத்தி, கும்பிட்டுத் தலை குனிந்தான். பின்னால் ஒவ்வொருவராக வாசிப்பதை நிறுத்தினார்கள். நான் போர்த்தினேன். போட்டோக்காரரின் பிளாஷ் எரியவில்லை. துண்டை எடுத்து மறுபடியும் போர்த்தச் சொன்னார். மறுபடியும் போர்த்தினேன். கையை எடுக்காமல் அவனிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அந்தப் பாட்ட முடிச்சிருங்க. நான் அதுக்காகத்தான் வந்தேன்."

அவன் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே பதில் சொன்னான். "அத விடுங்க சேச்சி. பாடிப் பாடி ஞங்களுக்கே மடுத்தாச்சு."

அப்போதுதான் பிளாஷ் எரிந்தது. ஞங்களுக்கே மடுத்தாச்சு என்றால் எங்களுக்கே அலுத்துவிட்டது என்று அர்த்தம். அலட்சியமாகக்கூடச் சொல்லவில்லை. கடைக்காரர் இன்றைக்கு ஸ்டாக் இல்லை என்பதுபோலச் சொன்னான். நான் இறங்குவதற்குள் முன்வரிசையிலிருந்து யாரோ ஒரு சினிமாப் பாட்டின் பெயரைச் சொல்ல, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கூடக் கொள்ளாமல் அதை வாசிக்க ஆரம்பித்தார்கள். நன்றாகவே வாசித்தார்கள், பல மேடையில் வாசித்துப் பழகிய கை. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். அதுவரை கமிட்டியின்மேல் இருந்த அருவருப்பெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. பொன்னாடைக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. இவனுக்கு எல்லாம் தெரியும்.

வீட்டுக்கு வரும் வழியில் சந்தோஷமா என்று கணவர் கேட்டார். தலை வலிக்கிறது என்றேன். அவரிடம் என்ன சொல்ல, எனக்காக ஊரோடு சண்டை போட்டவரிடம்?

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அவரே ஆணி அடித்து முன்னறையில் மாட்டினார். நான் துண்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அவன் வாய் லேசாகத் திறந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைக் கவனிக்கிறார்கள். எவ்வளவு பணிவாக நன்றி சொல்கிறான் பார் என்கிறார்கள்.