அவர் சொல்லாத பாதி

நாங்கள் கொச்சி மகாராஜாவின் குடிகளாக இருந்த காலத்தில், ஒரு மாசி மாதம், பெருமாட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. வாய்க்காலை ஒட்டி நாலு வயல், ஒரு ஜோடி மாடு, மூக்கு நுனியில் கோபம், இவ்வளவுதான் என் சொத்து. என் மனைவிக்கு அது எட்டாம் மாதம். முதல் பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டதால், இந்தப் பிள்ளையைப் பற்றி வாய்விட்டுப் பேசவே எங்களுக்குப் பயமாக இருந்தது.

எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். என் முறை என்றால் என் மடையைத் திறந்துகொள்வேன், அடுத்தவர் முறை என்றால் என் மடையை மண் போட்டு அடைத்துவிட வேண்டும். மாசியில் கதிர் பால் பிடிக்கும். அந்தச் சமயத்தில் ஒரு முறை தண்ணீர் தவறினாலும் நெல் பதராகிவிடும். அந்த வருடம் என் முறையில் மூன்று தடவை தண்ணீர் காணாமல் போனது. காலையில் வயல் நிறையக் கட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பினால் பாதிதான் இருக்கும். பக்கத்து வயலில் மட்டும் தண்ணீர் தளதளவென்று நிற்கும்.

அந்தப் பக்கத்து வயல்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்காரர். பொள்ளாச்சிச் சந்தைக்கு வண்டி ஓட்டிப் போய், அங்கே நடக்கிற கூட்டங்களில் எல்லாம் நின்று கேட்டுவிட்டு, ஒரு நாள் நெற்றியில் திருநீறு இல்லாமல் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு கோயில் வாசல் மிதிக்கவில்லை. சாமி இல்லை என்கிறீர்களா என்று யாராவது வம்புக்கு இழுத்தால், "எனக்கு இல்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். அதனால் ஊரில் அவருக்கு 'இல்லைங்கறவர்' என்றே பெயர். விசேஷங்களுக்குக் கூப்பிடுவோம், பந்தியிலும் உட்கார வைப்போம். ஆனால் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வாதம் செய்யத் தாலித் தட்டு வரும்போது, அவர் இருக்கும் வரிசைக்கு வந்தால் தட்டைச் சட்டென்று மறுபக்கம் திருப்பிவிடுவோம். அவர் மேலே பந்தலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் தடவை தண்ணீர் போன அன்று அவருடைய மடையில் புதிதாக மண்வெட்டி பட்ட அடையாளம் இருந்தது. எனக்கு அது போதும். சாமிக்கே பயப்படாத ஆள், என் தண்ணீரை வெட்டிக்கொள்ளவா பயப்படப் போகிறார்? நேராக ஊர்ப் பெரியவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் என்னவென்றால், சாட்சி இல்லாத வழக்கை மாரியம்மன் கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றித்தான் தீர்ப்பார்கள். குற்றம் சொல்கிறவன் எரிகிற கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரும் அதேபோல அடித்து, 'நான் செய்யவில்லை' என்று சொன்னால் வழக்கு அம்மன் கைக்குப் போய்விடும், பொய் சொன்னவனை அவள் பார்த்துக்கொள்வாள். அடிக்க மறுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

பூசாரி கற்பூரத்தை ஏற்றிவிட்டு, அவர் மடையை வெட்டியதை நீ கண்ணால் பார்த்தாயா என்று என்னைக் கேட்டார். நான் பார்த்தது மண்வெட்டி பட்ட மண்ணை. ஆனால் சுற்றிலும் ஊரே நிற்கிறது, கோபம் தலைக்கு ஏறியிருக்கிறது, எனக்குப் பார்த்த மாதிரியேதான் இருந்தது. "பாத்தனுங்க" என்று சொல்லிக் கற்பூரத்தில் ஓங்கி அடித்தேன். உள்ளங்கை சுட்டது.

மறுபடியும் ஏற்றினார்கள். அவர் முன்னால் வரவே இல்லை.

"நான் வெட்டலீங்க. மடையில அடைச்சிருந்த கோரையத்தான் எடுத்துப்போட்டன். அதைச் சொல்லிட்டனுங்களே. எனக்கு நம்பிக்கை இல்லாததுல அடிச்சு நெசம்னு சொன்னா, அதுதானுங்க பொய்" என்றார்.

கூட்டத்தில் சிரிப்பும் திட்டுமாக எழுந்தது. எனக்குத் திருப்திதான். ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு குழப்பம் நெருடியது. சாமி இல்லை என்கிறவருக்குக் கற்பூரம் வெறும் நெருப்புதானே? ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே? ஒரு நொடி வேலைக்கு ஏன் இந்தப் பிடிவாதம்? பெரியவர்கள் அவருடைய அடுத்த இரண்டு முறைத் தண்ணீரையும் நிறுத்தி வைத்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து என் முறை வந்தது. அன்று விடிந்ததும் அவர் பொள்ளாச்சிக்கு வண்டி ஓட்டிப் போனதை நானே வரப்பில் நின்று பார்த்தேன். இருந்தாலும் விடுவேனா? அன்றைக்கு வயலை விட்டு நகர்வதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் என் மனைவி மூச்சு வாங்க நடந்து சோறு கொண்டுவந்தாள். நான் சாப்பிடும்போது, வயலில் தண்ணீர் என் கண் எதிரிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. மடையில் யாரும் இல்லை. எங்கள் இரண்டு வயலுக்கும் நடு வரப்பின் மேல் ஒரு பழைய பனைமரம் உண்டு. அதன் வேரடித் தண்ணீரில் ஒரு சருகு மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. இறங்கிக் கையை விட்டேன். முழங்கை வரை உள்ளே போனது. நண்டு வளை! போதாக்குறைக்கு உள்ளே இருந்த நண்டு என் நடுவிரலைப் பிடித்துக்கொண்டது. நான் கத்திக்கொண்டே கையை உதற, நண்டு போய் அவருடைய வயலில் விழுந்தது.

என் மனைவி சிரிக்கவில்லை. கரையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க பாத்தன்னு அடிச்சீங்களே?" என்றாள்.

விரலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் சாப்பாட்டுப் போசியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அன்றிலிருந்து சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை, தொண்டையில் இறங்கவில்லை என்றாள். வயிற்றில் பிள்ளை அசைகிறதா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கையை வைத்துப் பார்த்துக்கொள்வாள். பொய்ச் சத்தியத்துக்கு அம்மன் எதை எடுத்துக்கொள்வாள் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பூசாரியிடம் ஓடினேன். பொய்ச் சத்தியத்தை இறக்க ஒரே வழிதான் உண்டு என்றார். யார் மேல் சத்தியம் செய்தேனோ அவரே கோயில் முன்னால் வந்து நின்று, என் கையில் செம்புத் தண்ணீரை ஊற்றி, "நான் பொறுத்தேன், தாயே நீயும் பொறுக்க வேணும்" என்று சொல்ல வேண்டும். தண்ணீரை நான் குடித்தால் சத்தியம் இறங்கிவிடும். கோயில் வாசலையே மிதிக்காத மனிதரை நான் எப்படிக் கூட்டிவருவது? சொந்தப் பயிர் காய்கிறது என்று தெரிந்தும் வராதவர், எனக்காகவா வந்து தாயே என்று சொல்லப் போகிறார்?

இரண்டு நாள் இதிலேயே போனது. மூன்றாம் நாள் அவரைத் தேடிப் போனேன். மேட்டு வயலில் குந்தியிருந்தார். நண்டு வளைத் தண்ணீர் அவருடைய தாழ்ந்த வயலோடு நின்றுவிட்டது. மேட்டு வயல் இரண்டும் வாய்க்காலை நம்பியவை. நிலம் கை நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது. ஒரு கதிரைப் பிடித்து நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், பால் வரவில்லை. நான் நண்டு வளையைச் சொன்னேன். பார்க்காமலே பார்த்தேன் என்று அடித்ததையும் சொன்னேன். மண்வெட்டியால் ஒரு போடு போடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"வளைய அடைச்சுட்டீங்களா தம்பி?" என்றார்.

அடைக்கவில்லை. அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. அவர் எழுந்து வந்து, எனக்கு முன்னால் தண்ணீரில் இறங்கி, களிமண்ணும் வைக்கோலும் வைத்து மிதித்து அடைத்தார். நானும் கூட நின்று மிதித்தேன். மிதித்துக்கொண்டே கோயில் விஷயத்தையும் சொல்லி முடித்தேன்.

"ஊட்டுல மூணு நாளா சோறு உண்ணலீங்க" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வர்றனுங்க. ஆனா நண்டு வளைய மொதல்ல ஊருக்கு முன்னால நீங்க சொல்லோணும். அப்புறம் எனக்கு எது சொல்ல வருமோ, அதத்தான் நான் சொல்லுவன்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை கோயில் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. இல்லைங்கறவர் கோயிலுக்கு வருகிறார் என்றால் சும்மாவா? நான் நண்டு வளையைச் சொன்னேன். பார்க்கவில்லை என்றும் சொன்னேன். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் அதிகமாக வலித்தது. அவர் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு வந்தார். செம்பை வாங்கினார். நான் இரண்டு கையையும் குவித்தேன். தண்ணீரை ஊற்றினார்.

"நான் பொறுத்தனுங்க" என்றார்.

அவ்வளவுதான். நிறுத்திவிட்டார்.

பூசாரி காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். கையில் இருந்த தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. மீதியையும் சொல்லும்படி பூசாரி மெல்ல எடுத்துக்கொடுத்தார். "என்னுதச் சொல்லிட்டனுங்க. மீதி எனக்குச் சொல்ல வராதுங்க" என்றார் அவர். கூட்டம் கலைத்துவிட்ட தேன்கூடு மாதிரி ஆனது. இது செல்லாது என்றார் ஒருவர். வந்ததே பெரிது என்றார் இன்னொருவர். பாதி சொன்னால் பாதிச் சத்தியம் இறங்குமா என்று ஒரு கிழவர் உண்மையான சந்தேகத்தோடு பூசாரியைக் கேட்டார். பூசாரிக்கே தெரியவில்லை. எனக்கோ அவர் காலில் விழுவதா, சட்டையைப் பிடித்து உலுக்குவதா என்று புரியவில்லை. நாலே வார்த்தைக்கு என் பிள்ளையை இழுத்தடிக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது. வந்து நிற்கிறாரே என்று நன்றியாகவும் இருந்தது. தண்ணீர் கிட்டத்தட்ட முழுதும் ஒழுகிவிட்டது.

அப்போது என் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து முன்னால் வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவர் எதிரில் நின்று இரண்டு கையையும் குவித்தாள்.

"எனக்கும் ஊத்துங்கண்ணா."

அவர் திகைத்துப்போய்விட்டார். செம்பை இரண்டு கையாலும் பிடித்து அவர் சாய்த்ததை நான் பார்த்தேன். இதை நிஜமாகவே பார்த்தேன். "பொறுத்தனுங்க அம்மிணி" என்றார். அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். பிறகு பூசாரியைப் பார்த்து, "அவிய பங்க அவிய சொல்லிட்டாங்க. அம்மங்கிட்டச் சொல்ல வேண்டியத நான் சொல்லிக்கறனுங்க" என்றாள். பூசாரி செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நானும் உள்ளங்கையில் மிச்சமிருந்த ஈரத்தை நக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அவள் இரண்டு கும்பா கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

அடுத்த என் முறைகள் இரண்டையும் அவருடைய மேட்டு வயலுக்குத் திருப்பிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார். ஆனாலும் பாதி பதராகத்தான் போனது. அறுப்பின்போது அவர் அந்தப் பதரைத் தூற்றுகிற சத்தம் என் களத்துக்குக் கேட்கும், நான் தலையைத் திருப்பமாட்டேன். சித்திரையில் எங்களுக்குப் பெண் பிறந்தது. ஒன்பதாம் நாள் தாண்டியது, பத்தாம் நாளும் தாண்டியது. அம்மன் பாதிச் சொல்லையே ஏற்றுக்கொண்டாளா, மீதியை என் மனைவி சொன்னதால் விட்டாளா, இல்லை அவர் சொல்கிற மாதிரி அங்கே கேட்பதற்கே யாரும் இல்லையா? ஒரு நாள் வரப்பில் வைத்து அவரிடமே கேட்டுவிட்டேன். "கொழந்த நல்லா இருக்குதுங்களா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்புறம் என்னங்க" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் குழப்பம் தீரவில்லை.

அடுத்த வருடம் வைகாசியில் என் தங்கைக்குக் கல்யாணம். தாலித் தட்டை ஏந்திய பெண் வரிசையாக வந்தவள், அவர் பக்கம் வந்ததும் வழக்கம்போல மறுபக்கம் திரும்பினாள். இடுப்பில் குழந்தையோடு நின்ற என் மனைவி, அவள் தோளைப் பிடித்து அவர் பக்கம் திருப்பிவிட்டாள். பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் கண்ணைக் கீழே இறக்கினார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு விரலால் தாலியைத் தொட்டு, "நல்லா இருக்கட்டும்" என்றார். அந்தச் சொல்லில் சாமி இருந்ததா இல்லையா என்று யாரும் விசாரிக்கவில்லை.

நான் இன்றும் திருநீறு பூசுகிறேன், செவ்வாய் தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறேன். கற்பூரத் தட்டு என் முன்னால் வரும்போது, நெருப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை நீளும். தொடுவதற்கு முன் விரல் ஒரு நொடி தயங்கி நிற்கும். அந்தத் தயக்கம் அம்மனுக்குப் பயந்தா, அவருக்குப் பயந்தா என்பதுதான் இத்தனை வருடமாகியும் எனக்கு விளங்கவில்லை.