குழாய்க்கு ஒரு துண்டு பிரெட்

வடக்குப்பட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், சோலார் ஹீட்டரிலிருந்து இறங்கும் செம்புக் குழாய் ஒருமுறை மூட்டு விட்டு ஒழுகியது. பத்து நாள் காய்ச்சலில் கிடந்த அப்பா, அன்று வெந்நீரில் குளித்தே தீருவேன் என்று காத்திருந்தார்.

பற்றவைக்க வந்தவர் இருங்காட்டுக்கோட்டையில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர். ஒல்லியான உடம்பு, பாதி தீய்ந்த புருவம். குழாயை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, அடிக்கடி முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

வால்வை மூடியும் உள்ளே நீர் கசிந்தது. "சார், ஒரு துண்டு பிரெட் இருக்குமா?"

"பசிக்குதா? இட்லி இருக்கு, சாப்புடுங்க."

"எனக்கில்ல சார், குழாய்க்கு. ஈரம் இருந்தா ஈயம் பிடிக்காது. பிரெட்ட அடச்சுப் பத்தவச்சா, பொறவு கரைஞ்சு வந்துரும். இட்லிய வச்சா உள்ளயே கெடந்து பொங்கலாயிரும்."

கீழே அப்பாவுக்குப் பாலில் நனைத்துக் கொடுக்க ஒரே ஒரு துண்டுதான் இருந்தது. மாடியிலிருந்து இறங்கிப்போய் விஷயத்தைச் சொல்லித் தயங்கினேன்.

"குட்றா. நான் இட்லியே துன்றேன்" என்றார், பத்து நாளாக இட்லியைத் தொடாத அப்பா.

வந்தவர் பிரெட்டின் ஓரத்தைக் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டு, நடுப்பகுதியை உருட்டிக் குழாயில் திணித்தார். சூடேறியதும் ஈயம் மூட்டைச் சுற்றி ஓடியது. பிறகு கீழே குளியலறைக்கு இறங்கி வந்து, துகள் வருவது நிற்கும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டார்.

அப்பா தானாக நடந்துபோய்க் குளித்தது அன்றுதான் கடைசி. அவர் வெளியே வரும்வரை அந்த மனிதர் பையைத் தோளில் மாட்டியபடி குளியலறை வாசலிலேயே நின்றார். மூட்டு தாங்குகிறதா என்று பார்க்கிறார் என நினைத்துக்கொண்டேன். மூட்டு இருந்ததோ மொட்டைமாடியில்.