எங்கள் சந்தில் நான் நடத்திய பைக் பெரட்டு

காலை ஏழு மணி, டூ ஸ்ட்ரோக் புகை... எண்ணெய் கருகிய அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், மலேசியாவில் எங்கள் ஊர் புக்கிட் ரோத்தான், எண்பதுகளில் இருந்தபடியே கண்முன் வந்துவிடும்.

எங்கள் சந்துக்குப் பின்னால் ஒரு தொழிற்கல்லூரி திறந்தார்கள். உள்ளே பைக் நிறுத்த இடமில்லை. நாற்பது பைக்கும் எங்கள் வாசல்களில்தான். நாற்பது என்பது மற்றவர்கள் கணக்கு. நான் எண்ணியபோது நானூறு!

எதிர்வீட்டு முனியாண்டி அண்ணன் டாக்சி ஓட்டுபவர். ஒருநாள் காரை வெளியே எடுக்க முடியாமல் கிள்ளானுக்குப் போகும் சவாரி கைவிட்டுப் போனது. மனுசன் கொதித்துவிட்டார்.

"நாளைக்கும் இப்படின்னா போலீஸ்ல சொல்லி ஒரு பைக்கும் உள்ள வராம பண்ணிருவேன்லா!"

பையன்கள் முகம் செத்துவிட்டது. எல்லாரும் பஸ் போகாத ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். பைக் இல்லையென்றால் படிப்பும் இல்லை.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனால் மூளை? எஞ்சினியர் மூளை!

"அண்ணே, ஒரே ஒரு நாள் குடுங்க" என்றேன்.

தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பார்களே, பெரட்டு... அதேபோல மறுநாள் சந்தில் பைக் பெரட்டு வைத்தேன். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் மாதிரி இடுப்பில் கை.

"தம்பி, எத்தன மணிக்குப் போவ?"

"நாலு மணிக்கு, அங்கிள்."

"அப்ப உள்ள போடு. ஒரு மணிக்குப் போறவன் கேட் பக்கம். ஹேண்டல யாரும் பூட்டாதீங்கடா!"

முந்தின இரவே வீடு வீடாகக் கேட்டு வைத்திருந்தேன்: வீட்டுக்கு நாலு பைக், காம்பவுண்டுக்குள். கால் மணி நேரத்தில் சந்து துடைத்துவிட்ட மாதிரி... விமானமே இறங்கலாம்.

முனியாண்டி அண்ணன் டாக்சியை எடுத்தார். பத்தடி வந்ததும் ஹார்ன்.

நடுரோட்டில் ஒரே ஒரு பைக். என்னுடையது.

"ஏன் மண்டோரே, இது எந்தத் தோட்டத்து பைக்கு?"

பையன்கள் வெடித்துச் சிரிக்க, அண்ணனும் சிரித்துவிட்டார். சிரித்தவர் எப்படி போலீசுக்குப் போவார்? அதற்காகவே நான் வேண்டுமென்று நிறுத்திய பைக் அது. நம்புங்கள்! மறுநாளிலிருந்து அவர் காம்பவுண்டிலும் ஐந்து பைக்.

இப்போது அதே சந்தில் எல்லாம் கார். வாசலுக்கு வாசல் பூந்தொட்டி வைத்து இடம் பிடிக்கிறோம். என் வாசலிலும் இரண்டு...

போன வாரம் கல்லூரிப் பெண் ஒருத்தி கேட்டில் வந்து நின்றாள்.

"அங்கிள், இங்க பார்க் பண்ணலாமா? உள்ள ஃபுல்லா இருக்கு."

பூந்தொட்டியை நகர்த்திக்கொண்டே கேட்டேன்:

"எத்தன மணிக்கும்மா போவ?"