ஜூஸ் கம்பெனியின் உப்பு பீர்

பெற்ற தாய் அக்கம்பக்கத்தில் சொல்லக் கூசும் வேலையை ஒரு பெண் மனச்சான்றோடு செய்ய முடியுமா? கல்லூரியிலோ கருத்தரங்கிலோ இந்தக் கேள்வியை நான் சந்தித்ததில்லை. மரக்காணத்து உப்பளத்தில், ஒரு மாசி மாதக் காலையில், எங்கள் ப்ரூவர், அதாவது பீர் வடிப்பவர், "பீருக்கு" என்று ஒரே ஒரு சொல்லைச் சொன்னபோது அது என் முன்னால் வந்து நின்றது.

நான் நுண்ணுயிரியல் படித்தவள். கீழ்புத்துப்பட்டைத் தாண்டி, புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்ததும், சவுக்குத் தோப்புகளுக்குப் பின்னால் ஒரு சிறிய பீர் ஆலை இருக்கிறது. அங்கே தரப் பரிசோதனை என் பொறுப்பு. பெரிய கம்பெனிகள் ஆண்டு முழுவதும் ஒரே சுவையில் பீர் தயாரிக்கும். எங்கள் ஆலை பருவத்தைப் பார்த்து வடிக்கும். கோடையில் மாம்பழம் சேர்ப்போம். மாம்பழ வரத்து நின்றால் அந்த பீரும் நின்றுவிடும், எவ்வளவு கேட்டாலும் கிடைக்காது. ஐப்பசி மழைக்குக் கருப்பட்டி சேர்த்த கறுப்பு பீர். மார்கழிக்குச் சுக்கும் மிளகும். வெயில் ஏறத் தொடங்கும் மாசியில், கொத்தமல்லி விதையும் உப்பும் போட்ட, லேசாகப் புளிக்கும் கோதுமை பீர். உப்பு பீர் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. மோரில் உப்புப் போட்டுக் குடிப்பவர்கள்தானே நாம் என்று அவர்களிடம் சொல்வேன். தயிரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரின் உறவினர்களே இந்த பீரையும் புளிக்கவைக்கின்றன. அவற்றை உருப்பெருக்கியில் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னக் குதூகலம் எழும். வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் சிக்கல்.

அம்மா உப்பளத்தில் வேலை செய்பவர். அவரும் சின்னம்மாவும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு வாருகிறார்கள். சின்னம்மா எங்களுக்கு ரத்த உறவு இல்லை. அம்மாவோடு ஒரே பாத்தியில் இளவயது முதல் நின்றவர் என்பதால் எனக்குச் சின்னம்மா. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ப் பெயரைச் செய்தித்தாள்களில் ஏற்றிய கள்ளச்சாராயம் அவருடைய கணவரையும் கொண்டுபோயிற்று. அதன்பின் எங்கள் தெருவில் குடி என்ற சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். எனக்கு வேலை கிடைத்ததும் அம்மா ஒரு முடிவு எடுத்தார். யார் கேட்டாலும், "ஜூஸ் கம்பெனில தண்ணி டெஸ்ட் பண்றா" என்றார். பாதி உண்மை. தண்ணீரை நான் பரிசோதிப்பது மெய்தான்.

வேலையில் சேருமுன் நானும் நிறையத் தயங்கினேன். கள்ளச்சாராயத்தில் ஆளைக் கொல்லும் நச்சு வேறு, முறையாக வடித்த பீர் வேறு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் பாடப்புத்தகம் சின்னம்மாவின் வீட்டுக்குள் போனதில்லை. நேர்மையாகச் செய்யும் தொழில், பார்வைக்குப் படும்படி செய்யும் தொழில், மறைவில் நடக்கும் கேட்டைக் குறைக்குமா, அல்லது குடியை இன்னும் அழகாக்கித்தான் காட்டுமா? இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. முடிவு எட்டாமலே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

எங்கள் ப்ரூவர் சென்னைக்காரர். எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். பாக்கெட் உப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க மரக்காணம்தானே? உங்க ஊர் உப்ப விட்டுட்டு கடையில பாக்கெட் வாங்கறோமே, அசிங்கமா இல்ல?" என்று என்னைத் துளைத்துக்கொண்டிருந்தார். நான் மழுப்பிக்கொண்டிருந்தேன். என் விடுமுறை நாளொன்றில், அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போயிருந்தபோது, வரப்பின்மேல் ஒரு ஸ்கூட்டர் தள்ளாடி வந்தது. அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக அவரேதான். பாத்திகள் எந்தப் பக்கம் என்று எப்போதோ பேச்சுவாக்கில் நான் சொன்னதை நினைவில் வைத்து வந்துவிட்டிருந்தார்.

அன்றைய உப்பு வெயிலில் பளீரென்று குவிந்து கிடந்தது. அவர் ஒரு பரலை வாயில் போட்டார், கண்ணை மூடினார், பிறகு சின்னம்மாவின் முன்னால் இரண்டு கையையும் ஏந்தினார். சின்னம்மா உப்பை அள்ளிக் கூடையில் போட்டு, கூடையை வரப்பில் வைத்தார். ப்ரூவர் நகர்ந்து மறுபடி கையை ஏந்தினார். சின்னம்மா இன்னொரு கூடையைக் கீழே வைத்தார்.

"ஏங்க, எனக்குக் குடுக்கமாட்டீங்களா?" என்றார் பரிதாபமாக.

"ஐயே, உப்ப கைக்குக் கை குடுத்தா சண்ட வரும் தம்பி. கீழ வெச்சா எடுத்துக்கணும். உங்க ஊர்ல இதெல்லாம் கெடையாதா?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பினூடே சின்னம்மா, "எதுக்குப்பா உப்பு? கருவாட்டுக்கா?" என்று கேட்டார்.

"பீருக்கு," என்றார் அவர், மலர்ந்த முகத்தோடு. "இவங்க வேல பாக்கறாங்களே, நம்ம கம்பெனிக்கு."

சிரிப்பு பட்டென்று நின்றது. சின்னம்மா அம்மாவைப் பார்த்தார்.

"ஜூஸ் கம்பெனின்னியே?"

அம்மா உப்பு வாரும் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு, "அதுவும் ஒரு ஜூஸுதான்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. "ஊருக்குச் சொன்ன, சரி. எங்கிட்ட கூடவா?" என்றார் சின்னம்மா. பிறகு ப்ரூவர் பக்கம் திரும்பினார். "எங்க வூட்டுக்காரர் குடிச்சதுல இன்னா கலந்திருந்துச்சுன்னு குடிச்சவருக்கும் தெரியாது, வித்தவனுக்கும் தெரியாது. நீ காய்ச்சறத நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டுதான் உப்பு."

அன்று முதல் சின்னம்மா அம்மாவிடம் பேசவில்லை. ஒருவர் பாத்தியின் வடக்கு மூலையிலும் மற்றவர் தெற்கு மூலையிலும் நின்று வாரினார்கள். அம்மா மதியச் சோற்றைத் தனியாக உண்டார். வீட்டில் என்மேல் ஒரு சொல்லும் கோபமாக விழவில்லை. "அவ சாப்ட்டாளோ இன்னாவோ" என்று மட்டும் அடிக்கடி முணுமுணுத்தார். உப்பு கிடைக்காவிட்டால் ஆலை வேறு உப்பு வாங்கிக்கொள்ளும். அம்மாவுக்கு வேறு சின்னம்மா கிடையாது. இந்த நட்பு முறிந்தால் வேலையை விட்டுவிடுவதென்று எனக்குள் தீர்மானித்துக்கொண்டேன்.

ஒருநாள் பருவம் தவறி மழை பெய்தது. பாத்திகளில் நன்னீர் தேங்கினால் உப்பு வார முடியாது. வேலை இல்லாத அந்தக் காலையில் பெண்கள் ஒரு ஷேர் ஆட்டோவை அமர்த்திக்கொண்டு ஆலைக்கு வந்து இறங்கினார்கள். புது இடத்துக்கு முதன்முதலாகப் போகிறோம் என்பதால், புதுவீட்டுக்குப் போவதுபோலத் தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், வாழைப்பழம், பூ எல்லாம் வைத்து எடுத்துவந்திருந்தார்கள். உப்பு மட்டும் இல்லை. அது சின்னம்மாவின் உத்தரவு.

உள்ளே போகுமுன் தலைக்கு வலைத்தொப்பி அணிய வேண்டும். கூட்டத்தில் மூத்தவரான பெரியக்கா, தொப்பி போட்ட அம்மாவைப் பார்த்து, "ஏய், வலையில மாட்டின எறா மாதிரி கீறடி!" என்றார். அங்கேயே ஆரவாரம் தொடங்கிவிட்டது. அம்மாவும் சின்னம்மாவும் மட்டும் ஒருவரையொருவர் பார்க்காமல் சிரித்தார்கள்.

நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். முளைகட்டி உலர்த்திய பார்லியையும் கோதுமையையும் உடைத்து வெந்நீரில் ஊறவைத்திருந்தோம். ஆவி முகத்தில் அடித்ததும் பெரியக்கா, "கூழு காய்ச்சற வாசனடி," என்றார். அதிலிருந்து வடித்த இனிப்புச் சாற்றை டம்ளர்களில் பிடித்து, ஒரு சிட்டிகை உப்பும் இடித்த மல்லியும் தூவிக் கொடுத்தேன். ஈஸ்ட் சேர்த்துப் பல நாள் நொதித்த பிறகுதான் இது பீராகும், இப்போது இதில் போதை துளியும் இல்லை, குழந்தைகூடக் குடிக்கலாம் என்று விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு குடித்தார்கள். சின்னம்மா மட்டும் டம்ளரைத் தொடாமல் பாத்திரங்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியக்கா இரண்டாவது முறை வாங்கிக் குடித்தார். பிறகு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏய், கால் தரையில நிக்கலடி."

"எனக்கும் கிறுகிறுன்னு வருது," என்றார் இன்னொருவர்.

"யக்கா, இதுல போதையே இல்ல. வெறும் கஞ்சித் தண்ணி," என்று பதறினேன்.

"அப்படித்தாம்மா சொல்வாங்க. எங்க வூட்டுக்காரரும் தெனம் அதான் சொல்றாரு," என்றார் பெரியக்கா.

நான் மதுவின் அளவைக் காட்டும் கருவியைக் கொண்டுவந்து, மாதிரி எடுத்து வைத்து, திரையில் பூச்சியம் காட்டுவதைக் காண்பித்தேன். பெரியக்கா குனிந்து பார்த்தார். "உன் மிஷினு ரிப்பேரு," என்று தீர்ப்புச் சொன்னார்.

அதன்பின் எவரையும் நிறுத்த முடியவில்லை. வாழ்நாளில் குடியைத் தொட்டிராத பெண்கள், குடிக்காமலே குடித்தவர்களானார்கள். ஒருவர் கும்மி தட்டினார். ஒருவர் காரணமே இல்லாமல் மாமியாரை ஏசினார். பெரியக்கா ப்ரூவரின் தோளில் கைபோட்டு, "தம்பி, போதையில கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. இங்க லேடீஸ் பாத்ரூமு இருக்குதா?" என்றார்.

"இருக்குங்க, அந்தப் பக்கம்."

"அளத்துல இல்ல! ஒரு மறைப்பு கூட இல்ல! யாராச்சும் கேட்டாங்களா? நீ கேட்டியா?"

"இல்லீங்க," என்றார் அவர், உண்மையாகவே குற்றம் செய்தவரைப்போல.

இயல்பாக இருந்தபோது இதை ஒருவரும் வெளியாளிடம் சொன்னதில்லை. போதையில்லாத சாறு அவர்களுக்குப் பேச ஒரு சலுகையைக் கொடுத்திருந்தது. அதை உணர்ந்ததும் நான் கருவியைப் பேசாமல் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

அப்போதுதான் அம்மா தம் டம்ளரை ஒரே மூச்சில் காலிசெய்தார். தள்ளாடவில்லை; ஆனாலும் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நானும் போதையில ஒண்ணு சொல்லிடறேன். இது ஜூஸ் கம்பெனி இல்ல. பீர் கம்பெனி. எம் பொண்ணு இங்கதான் வேல பாக்கறா. உனக்கு நோவுமேன்னுதான் சொல்லல. அப்பறம் நாளாச்சு, சொல்றதுக்குப் பயமாப் போச்சு. உங்கிட்ட பேசாம எனக்குச் சோறு எறங்கல."

சின்னம்மா அம்மாவை விட்டு என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "பாப்பா, இத குடிச்சா சாவாங்களா?"

அம்மாவுக்காக "மாட்டாங்க" என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். எனக்கு அது போதவில்லை.

"இதுல வெஷம் சேராது சின்னம்மா. அத பாக்கறதுதான் என் வேல. ஆனா பீர் ஆனப்பறம் இதுவும் குடிதான். அளவு மீறி தெனம் குடிச்சா ஒடம்பும் போவும், குடும்பமும் போவும். இது நல்லதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

சின்னம்மா அதுவரை தொடாத டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"உப்பு பத்தல," என்றார். "அளத்துல கீழ வெக்கறேன், வந்து எடுத்துக்கச் சொல்லு அந்தத் தம்பிய. ஆனா உங்க போர்டுல எங்க ஊரு பேரு வரக்கூடாது. எங்க ஊரு பேரு குடியோட சேந்து ஒரு தடவ வந்தது போதும்."

ப்ரூவரின் முகம் வாடியது. ஊர்ப் பெயரில்தான் அந்த பீரை அறிமுகப்படுத்த அவர் ஆசைப்பட்டிருந்தார். ஒரு கணம் யோசித்துவிட்டு, "சரிங்க. உப்புன்னு மட்டும் போடறேன்," என்றார்.

சின்னம்மா அம்மாவிடம் திரும்பினார். "போதையில சொன்னத நாளைக்கு மாத்திச் சொல்லுவியா?"

"மாட்டேன்டி."

"அப்ப ஆட்டோவுல எம்பக்கத்துல ஒக்காரு. வழியெல்லாம் திட்டணும் உன்ன."

ஆட்டோ ஈ.சி.ஆர். பக்கம் திரும்பும்வரை அவருடைய வசவு கேட்டது. அதைவிட உரக்க அம்மாவின் சிரிப்பு கேட்டது.

இப்போது யார் கேட்டாலும் அம்மா, "பீர் கம்பெனில டெஸ்ட் பண்றா" என்றுதான் சொல்கிறார். மாசி பீருக்கு அவர்கள் பாத்தியின் உப்பு வருகிறது. ஊர்ப் பெயர் எங்கும் இல்லை. அளத்தின் ஓரத்தில் பெண்களுக்கான கழிப்பறை ஒன்றை ஆலை கட்டிக்கொடுத்திருக்கிறது. வேலையை விடும் எண்ணத்தை நான் கைவிட்டுவிட்டேன். குடியைப் பற்றிய தயக்கத்தைக் கைவிடவில்லை.